செயற்கைக் குரலுக்கு ஓர் இரகசிய முத்திரை

2024ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில், ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தெரிவுசெய்யும் முதனிலைத் தேர்தலுக்கு இரு தினங்களுக்கு முன்னர் ஆயிரக்கணக்கான வாக்காளர்களுக்குத் தொலைபேசி அழைப்பொன்று வந்தது. அன்றைய ஜனாதிபதி ஜோ பைடனின் குரல், இத்தேர்தலில் வாக்களிக்காது, வாக்கை நவம்பர் மாதத்துக்கென வைத்துக்கொள்ளுமாறு கேட்டது. உண்மையில் அது செயற்கை நுண்ணறிவினால் ஆக்கப்பட்ட குரலாகும்.

அடுத்த மாதமே அந்நாட்டின் மத்திய தொடர்பாடல் ஆணைக்குழு, பெறுபவரின் முன்அனுமதியின்றித் தன்னியக்க அழைப்புகளில் இத்தகைய குரல்களைப் பயன்படுத்துவது சட்டவிரோதமென அறிவித்தது. அழைப்பின் பின்னணியிலிருந்த அரசியல் ஆலோசகருக்கு 60 இலட்சம் டொலர் அபராதம் விதித்தது. எனினும் 2025ஆம் ஆண்டில் மாநில நீதிமன்றின் குற்றவியல் வழக்கில் ஜூரிகள் அவரை விடுவித்தனர். சட்டம் மட்டும் போதாது என்பதற்கு இது சான்றாகும். போலியைக் கேட்கும்போதே இனங்காண வழி வேண்டும்.

அதற்கான முயற்சிகளில் ஒன்றே ஒலி நீர்க்குறி. நாணயத்தாளில் மறைந்துள்ள நீர்க்குறியைப் போன்றதே இதுவும். பலத்த ஒலியொன்றின் அருகே எழும் மெல்லொலியை மனிதச் செவி உணர்வதில்லை. இவ்வியல்பைப் பயன்படுத்தி, செயற்கைக் குரலினூடே நுண்ணிய ஒலிமாற்றங்கள் பதிக்கப்படுகின்றன. கேட்பவருக்கு வேறுபாடு தெரியாது. அதற்கெனப் பயிற்றப்பட்ட மென்பொருளோ அதனைக் கண்டுகொள்ளும். குரல் எந்த மென்பொருளில் உருவானது என்ற விபரத்தையும் குறியில் பொதிந்து வைக்கலாம். கூகுள் நிறுவனம் 2023இல் 'சிந்த்ஐடி' முறையை ஒலிக்கும் விரிவாக்கியது. மெட்டா நிறுவனம் 2024இல் வெளியிட்ட 'ஓடியோசீல்', நீண்ட உண்மைப் பேச்சினிடையே செருகப்பட்ட, குறியிடப்பட்ட செயற்கைப் பகுதியையும் பிரித்துக் காட்டவல்லது. ஒரு சொல்லை மாற்றினாலே பேச்சின் பொருள் தலைகீழாகிவிடும் என்பதால் இது முக்கியமானது.

ஆயினும் இம்முறைக்கு எல்லைகள் உண்டு. ஒலிப்பதிவைச் சுருக்கினாலும் இரைச்சல் கலந்தாலும் நிலைக்கும்படி குறி அமைக்கப்பட்டபோதிலும், திட்டமிட்டு அழிக்க முனைவோரிடமிருந்து அது எப்போதும் தப்புவதில்லை. திறந்த மூல மென்பொருளைப் பெற்றவர் குறியிடும் பகுதியையே நீக்கிவிடலாம். எனவே குறி காணப்பட்டால் குரல் செயற்கையானதெனக் கொள்ளலாம். குறி இல்லை என்பதற்காக அது உண்மையானதெனக் கொள்ளலாகாது.

மறுபுறம், உண்மையான ஒலிப்பதிவில் அகப்பட்டவரும் 'அது போலி' எனக் கூறித் தப்ப முயலலாம். செயற்கை ஆக்கங்களில் இயந்திரங்கள் அறியத்தக்க குறி இருக்க வேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய சட்டம் விதிக்கின்றது. குறியிடுவதோடு நில்லாது, அதனைப் பரிசோதிக்கும் வசதி பத்திரிகையாளர், தேர்தல் அதிகாரிகள், பொதுமக்கள் ஆகியோருக்கும் கிட்டுவது அவசியமாகும். அதுவரை, பழகிய குரல் என்பதற்காக மட்டும் எந்தச் செய்தியையும் நம்பிவிடாமல், வேறொரு வழியில் உறுதிப்படுத்திக்கொள்வதே பாதுகாப்பானது.