நியூட்டன் படித்த பள்ளி வாசலில்

பல்கலைக்கழகப் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் நாட்டிங்ஹமில் படித்தபோது, தோழி ஒருத்தி தன் சொந்த ஊருக்கு அழைத்துச் சென்றாள். லிங்கன்ஷியர் வட்டாரத்தில் உள்ள கிரான்தம், சனிக்கிழமைகளில் சந்தை கூடும் ஊர். காய்கறிக் கடைகளைத் தாண்டிச் சற்று நடந்தால் புனித வுல்ஃப்ரம் தேவாலயம். அதன் எதிரே கிங்ஸ் பள்ளியின் பழைய கட்டடம்.

12 வயதில் ஐசக் நியூட்டன் சேர்ந்த பள்ளி அது. அங்கே ஒரு சன்னல் திண்டில் அவர் பெயர் செதுக்கப்பட்டிருக்கிறது. விடுமுறை நாள் என்பதால் நான் வெளியிலிருந்துதான் பார்த்தேன்.

இவ்வளவு பழமையான பள்ளியில் கட்டணம் எக்கச்சக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். “காசே வாங்க மாட்டார்கள், அரசாங்க நிதியில் நடக்கும் பள்ளி” என்றாள் தோழி. ஆனால் உள்ளே நுழைய ‘லெவன் பிளஸ்’ தேர்வில் தேற வேண்டும்.

1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்து முழுவதும் பரவிய தேர்வு அது. தேறியவர்களுக்கு கிராமர் பள்ளி, மற்றவர்களுக்கு வேறு பள்ளி. 1965க்குப் பின் பெரும்பாலான இடங்களில் அந்த முறை கைவிடப்பட்டது. இன்று எஞ்சியிருப்பவை 163 கிராமர் பள்ளிகள். லிங்கன்ஷியரில் இன்னும் பத்து வயதுப் பிள்ளைகள் செப்டம்பரில் அந்தத் தேர்வை எழுதுகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை. இதே ஊரின் பெண்கள் கிராமர் பள்ளியில் படித்த மார்கரெட் தாட்சர், 1970களில் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான் ஏராளமான கிராமர் பள்ளிகள் பொதுப் பள்ளிகளாக மாறின.

எனக்குப் பிஎஸ்எல்இ முடிவு வந்த நாள் நினைவுக்கு வந்தது. கிடைத்தது வழக்கநிலை (ஏட்டுக்கல்வி). அம்மா உறவினர்களிடம் என் பள்ளியின் பெயரைச் சொல்வார், பிரிவைச் சொல்ல மாட்டார். 2024 முதல் உயர்நிலை ஒன்றில் சேர்வோருக்கு அந்தப் பிரிவுகள் இல்லை. எனக்கோ ஐந்தாண்டு உயர்நிலைப் பள்ளி, பலதுறைத் தொழிற்கல்லூரி என்று சுற்றித்தான் பல்கலைக்கழகம் வாய்த்தது.

நியூட்டனும் சேர்ந்த புதிதில் படிப்பில் பின்தங்கியே இருந்தாராம். இடையில் பண்ணையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவருடைய தாயார் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். தலைமையாசிரியர் ஸ்டோக்ஸும் தாய்மாமனும் வற்புறுத்தியதால் திரும்பி வந்தவர், 1661இல் கேம்பிரிட்ஜ் சென்றார். தலைமையாசிரியர் பேசாமல் இருந்திருந்தால்?

தோழிக்கு இரட்டையராகப் பிறந்த தம்பி ஒருவர் இருக்கிறார். இருவரும் ஒரே நாளில் தேர்வு எழுதினார்கள். அவள் தேறினாள், அவர் தேறவில்லை. ஏழு ஆண்டுகள் ஒரே வீட்டிலிருந்து இரண்டு சீருடைகள் கிளம்பின. இப்போது அவர் மின்பணியாளர், நன்றாகச் சம்பாதிக்கிறார். அன்று மதியம் எங்களுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

“உங்கள் ஊரில் எங்களைப் போன்றவர்களை எப்படி அழைப்பார்கள்?” என்று கேட்டார்.

“வழக்கநிலை.”

“பரவாயில்லையே, பெயராவது வைத்தார்கள்! இங்கே தேறாதவர்கள், அவ்வளவுதான்” என்று சிரித்தார். தோழி சிரிக்கவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.