முதல் காட்சி முடிவதற்குள் தீர்ப்பு: புதுப்பட விமர்சனத்தை எப்படி வாசிப்பது?

சூர்யா நடித்த 'கங்குவா' 2024 நவம்பர் 14 அன்று திரைக்கு வந்தது. வந்த விமர்சனங்களில் பெரும்பாலானவை ஒரு புகாரில் ஒன்றுபட்டன: சத்தம் தாங்க முடியவில்லை. திரையரங்குகள் ஒலி அளவை இரண்டு புள்ளி குறைத்து வைக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் ஞானவேல் ராஜா கேட்டுக்கொண்டார். சில நாட்களில் படத்திலிருந்து 12 நிமிடங்கள் நீக்கப்பட்டன. நடிகை ஜோதிகா தன் இன்ஸ்டாகிராம் பதிவில், முதல் அரை மணி நேரம் எடுபடவில்லை, சத்தம் உறுத்துகிறது என்பதை ஒத்துக்கொண்டார். அதோடு, மீதிப் படத்தின் உழைப்பை யாரும் ஏன் பேசவில்லை என்றும் கேட்டார்.

அடுத்த வாரமே தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' ஆகிய படங்களின் வசூலை யூடியூப் சேனல்களின் பேட்டிகள் பாதித்தன, தியேட்டர் வளாகத்துக்குள் அவர்களை விடக் கூடாது என்பது அதன் சாரம். தயாரிப்பாளர்களின் இன்னோர் அமைப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போனது. படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணையத்தில் விமர்சனமே வரக் கூடாது என்று தடை கேட்டது. 2024 டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. அடுத்த ஆண்டு மனுவும் தள்ளுபடியானது. நீதிமன்றம் சொன்னது இதுதான்: கருத்துச் சொல்வது அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு தரும் உரிமை. எல்லாரும் பாராட்ட வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

தீர்ப்பு சரியானது. ஆனால் தயாரிப்பாளர்கள் ஏன் மூன்று நாள் கேட்டார்கள் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும்.

முன்பு ஒரு படம் நூறு நாள் ஓடும், வெள்ளி விழா காணும். குறைந்த தியேட்டர்களில் வெளியாகி, ஏ சென்டரிலிருந்து பி, சி சென்டர்களுக்கு மெதுவாக இறங்கும். பத்திரிகை விமர்சனம் வார இதழில் வந்து சேரும்போது படத்தின் கதி ஏறக்குறையத் தெரிந்திருக்கும். இப்போது பெரிய படங்கள் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திரைகளில் வெளியாகின்றன. ஓடிடிக்குப் படம் வரச் சில வாரங்களே ஆகும். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளில் வரும் ஓபனிங்தான் பெரிய பணம். வசூலில் தயாரிப்பாளர், விநியோகஸ்தர் தரப்புக்குப் போகும் பங்கும் முதல் வாரத்தில் அதிகம். வாரம் போகப் போக அது குறைந்து தியேட்டரின் பங்கு கூடும். ஆகவே வெள்ளிக்கிழமை காலை ஒரு கெட்ட பேச்சு கிளம்பினால் அடி விழுவது தயாரிப்பாளரின் மடியில். இந்தப் பயம் உண்மையானது.

இதில் நேரக்கணக்கு வேறு சேர்ந்துகொள்கிறது. 2023 பொங்கலுக்கு 'துணிவு' படத்தின் அதிகாலைக் காட்சிக் கொண்டாட்டத்தில் சென்னையில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். அதன்பின் விடிகாலைக் காட்சிகளுக்கு அரசு அனுமதி தருவதில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த 'லியோ'வுக்கும் தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். கேரளத்தில் அதே படம் விடிகாலை 4 மணிக்கே ஓடியது. இடைவேளைக்கே அங்கிருந்து பதிவுகள் பறக்கின்றன. ஒரு தமிழ்ப் படத்தைப் பற்றிய முதல் கருத்து பாலக்காட்டிலிருந்தோ வெளிநாட்டுக் காட்சிகளிலிருந்தோ வருகிறது. கோயம்புத்தூர்க்காரர் டிக்கெட்டோடு வரிசையில் நிற்கும்போது, 'முதல் பாதி ஓகே, இரண்டாம் பாதி லேக்' என்று கையில் இருக்கும் போன் சொல்லிவிடுகிறது.

இப்படி வருகிற எல்லாவற்றையும் 'விமர்சனம்' என்று ஒரே பெயரில் அழைப்பதுதான் இந்த விவாதத்தின் பெரிய குழப்பம்.

தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டி வாங்கும் 'பப்ளிக் ரிவ்யூ'வை எடுத்துக்கொள்வோம். அதில் பேசுகிறவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். வெளிச்சத்துக்கு வந்த கணத்தில், சுற்றிலும் ரசிகர்கள் கூவும்போது, கேமரா முன்னால் வந்த முதல் உணர்ச்சியை அவர் சொல்கிறார். பேசிய இருபது பேரில் யார் ஐந்து பேரைக் காட்டுவது என்று முடிவு செய்வது சேனல். தம்ப்நெயிலில் எந்தச் சொல்லைப் பெரிதாகப் போடுவது என்பதும் சேனலின் முடிவே. ஆக, அது ரசிகர் கருத்தும் ஆகாது, விமர்சனமும் ஆகாது. அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் 1970-களின் இறுதியிலிருந்து இதே வேலையை ஒழுங்காகச் செய்கிறது. படம் வெளியாகும் இரவில் பல நகரங்களின் தியேட்டர்களில் பார்வையாளர்களிடம் சீட்டுக் கொடுத்து ஏ முதல் எஃப் வரை மதிப்பெண் போடச் சொல்கிறது. கிடைத்த எல்லாவற்றையும் கூட்டிக் கணக்கிடுகிறது. நம் ஊரில் அப்படி ஒரு முறை இல்லை என்பது பெரிய குறை.

அடுத்தது எண்கள். 'ராட்டன் டொமேட்டோஸில் 90 சதவீதம்' என்று போஸ்டரில் பார்த்தால், படத்துக்கு நூற்றுக்கு 90 மதிப்பெண் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 1998-இல் தொடங்கிய அந்தத் தளம், பட்டியலில் உள்ள விமர்சகர்களில் எத்தனை சதவீதம் பேர் படத்தைப் பற்றி மொத்தத்தில் நல்லவிதமாக எழுதினார்கள் என்று மட்டுமே சொல்கிறது. பத்து விமர்சகர்களும் 'பரவாயில்லை, பார்க்கலாம்' என்று பத்துக்கு ஆறு கொடுத்தால் படம் 100 சதவீதம் வாங்கிவிடும். ஐந்து பேர் தலைசிறந்த படைப்பு என்று கொண்டாடி, ஐந்து பேர் வெறுத்தால் 50 சதவீதம். தளத்தின் அளவுகோல்படி 60-க்குக் கீழே போனால் அழுகிய தக்காளி. மக்கள் ஆர்வத்தோடு விவாதிக்கும் படம் பெரும்பாலும் இரண்டாவது வகைதான். மெட்டாகிரிட்டிக் என்ற மற்றொரு தளம் விமர்சகர்களின் மதிப்பெண்களைச் சராசரி எடுக்கிறது; அதிலும் சிலரின் கருத்துக்குக் கூடுதல் எடை உண்டு. எண்ணைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

தமிழில் இதற்கு நமக்கென்று ஒரு மரபு உண்டு. 1977-இல் வந்த பாரதிராஜாவின் '16 வயதினிலே'க்கு ஆனந்த விகடன் கொடுத்த 62.5 மதிப்பெண்ணை இன்றும் பேசுகிறோம். பல ஆண்டுகள் ஒரே அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, நூற்றுக்கு நாற்பதே பெரிது என்ற கண்டிப்போடு போட்டதால்தான் 62.5 என்பதற்கு அர்த்தம் வந்தது. இன்று ஐந்துக்கு மூன்றேகால் என்று அள்ளிக் கொடுக்கும் நட்சத்திரங்களுக்கு அப்படி எந்த அளவுகோலும் பின்னால் இல்லை.

கண்டிப்பான விமர்சனம் யூடியூப் கொண்டுவந்த நோய் என்று சொல்கிறவர்களுக்கு 1935-ஐ நினைவூட்ட வேண்டும். அந்த ஆண்டு கே.பி.சுந்தராம்பாள் நடித்த 'பக்த நந்தனார்' வெளியானது. அவர் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் அன்று நாடே பேசிய செய்தி. கல்கி எழுதிக்கொண்டிருந்த ஆனந்த விகடனோ, படத்தில் மனிதர்களைவிட மரமும் எருமையும் நன்றாக நடித்திருக்கின்றன என்ற பொருளில் எழுதியது. யூடியூப் விமர்சகர் 'ப்ளூ சட்டை' மாறனின் கடுமையைக் குறை சொல்கிறவர்கள், தமிழ் சினிமா பேசத் தொடங்கிய நாள் முதலே இந்தக் கடுமை கூட வந்திருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். மாறன் 2021-இல் 'ஆன்டி இண்டியன்' என்ற படத்தையும் இயக்கித் தன்னை அதே சந்தையில் நிறுத்திக் காட்டினார்.

இருந்தாலும் வேகத்துக்கு ஒரு விலை உண்டு. இதற்கு நல்ல உதாரணம் 1967-இல் அமெரிக்காவில் வந்த 'பானி அண்ட் கிளைட்'. நியூயார்க் டைம்ஸின் போஸ்லி க்ரோதர், அந்தக் காலத்தில் அந்நாட்டின் மிகச் செல்வாக்கான விமர்சகர், படத்தைத் திரும்பத் திரும்பச் சாடினார். நியூஸ்வீக் இதழின் ஜோ மார்கன்ஸ்டர்னும் முதலில் தாக்கித்தான் எழுதினார். பிறகு சாதாரண ரசிகர்களோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தார். தன் முந்தைய கருத்து தவறு என்று அடுத்த இதழிலேயே எழுதினார். நியூயார்க்கரில் பாலின் கேல் அந்தப் படத்தைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை அவரையே பெரிய விமர்சகராக்கியது. க்ரோதர் விரைவில் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். என் பார்வையில் இந்த மூவரில் மிகப் பெரிய காரியம் செய்தவர் மார்கன்ஸ்டர்ன். இரண்டாம் முறை பார்ப்பதும், கருத்தை மாற்றிக்கொண்டால் அதை வெளியே சொல்வதும் விமர்சகரின் நேர்மைக்கு அடையாளம். தமிழில் அதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு.

நம் ஊர் உதாரணமும் உண்டு. 2024 செப்டம்பர் 27 அன்று வந்த பிரேம் குமாரின் 'மெய்யழகன்' ஏறக்குறைய மூன்று மணி நேரப் படம். நீளம் என்ற பேச்சு எழுந்ததும் 18 நிமிடங்கள் குறைக்கப்பட்டன. கார்த்தி போரைப் பற்றியும் ஜல்லிக்கட்டைப் பற்றியும் பேசும் இடங்கள் அதில் போயின. பின்னர் ஓடிடியில் படம் புதிய ரசிகர்களைத் தேடிக்கொண்டபோது, வெட்டியிருக்கவே வேண்டாம் என்று வருத்தப்பட்டவர்கள் ஏராளம். 'கங்குவா'வில் விமர்சனம் படத்துக்கு நல்லது செய்தது. காதுக்கு வலி என்பது யார் கேட்டாலும் வலி. 'மெய்யழகன்' விஷயத்தில் நீளம் என்பது குறையா, அந்தப் படத்தின் மூச்சா என்று யோசிக்க அவகாசமே கிடைக்கவில்லை. வெட்டும் முடிவை எடுத்தது படக்குழு. விமர்சகரின் கருத்து ஒரு கருத்துதான், ஆணை அல்ல.

உண்மையில் சினிமாவைக் கெடுப்பது கடுமையான விமர்சனமல்ல, முகமூடி போட்ட விமர்சனம். காசு வாங்கிக்கொண்டு புகழ்வது, காசு கொடுக்காததால் இகழ்வது, போட்டி நடிகரின் ரசிகர்கள் படம் பார்க்காமலேயே மோசம் என்று எழுதிக் குவிப்பது எல்லாம் அந்த வகை. ஹாலிவுட்டில் இது எங்கே போய் முடிந்தது என்றால், சோனி நிறுவனம் தன் படங்களைப் புகழ டேவிட் மேனிங் என்ற விமர்சகரையே கற்பனையாக உருவாக்கி விளம்பரங்களில் மேற்கோள் காட்டியது. 2001-இல் நியூஸ்வீக் அதை அம்பலப்படுத்தியது. வழக்கின் முடிவில், விளம்பரத்தை நம்பிப் படம் பார்த்தவர்களுக்கு 2005-இல் தலா 5 டாலர் திருப்பித் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. கேரளத்தில் 2023-இல் ஒரு படத்தின் இயக்குநர் அளித்த புகாரில், திட்டமிட்ட அவதூறு விமர்சனம் என்று கொச்சி போலீஸ் வழக்குப் பதிந்தது. கேரள உயர் நீதிமன்றம் நியமித்த நடுநிலை வழக்கறிஞர், படம் வெளியாகி 48 மணி நேரம் விமர்சகர்கள் பொறுத்திருக்கலாம் என்று பரிந்துரைத்தார். நேர்மையான விமர்சகரையும் கூலிக்கு எழுதுபவரையும் ஒரே பூட்டுக்குள் அடைக்கும் யோசனை அது. எனக்கு உடன்பாடில்லை.

சட்டத்தில் ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்தினாலே போதும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, விமர்சனத்துக்காக ஒரு படைப்பிலிருந்து நியாயமான அளவு எடுத்தாள அனுமதிக்கிறது. திரையைப் போனில் படம்பிடித்து ஸ்டேட்டஸில் போடுவது அந்தக் கணக்கில் வராது. 2023-இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி அதற்கு மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. பணமோ பரிசோ வேறு ஆதாயமோ வாங்கிக்கொண்டு ஒன்றைப் பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போட நுகர்வோர் சட்டத்தில் இடம் இருக்கிறது. சினிமா டிக்கெட்டும் காசு கொடுத்து வாங்கும் பொருள்தான். மூன்று நாள் மௌனம் கேட்டு நீதிமன்றப் படி ஏறிய தயாரிப்பாளர்கள், தங்கள் பிஆர்ஓக்கள் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று படத்துக்குப் படம் வெளியிட முன்வந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ரசிகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'மொக்கை', 'வேற லெவல்' என்ற சொற்களைத் தாண்டி, ஏன் என்று ஒரு காட்சியைக் காட்டிச் சொல்கிறவரைத் தேடுங்கள். திரைக்கதை எங்கே தளர்கிறது, எந்த நடிகர் எந்த இடத்தில் உயர்கிறார், பின்னணி இசை வசனத்தை விழுங்குகிறதா என்று சொல்பவரிடம் நீங்கள் முரண்படலாம். ஆனால் எதில் முரண்படுகிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். அப்படி இரண்டு மூன்று பேரைத் தேர்ந்து, நீங்கள் பார்த்த படங்களோடு அவர்கள் எழுதியதை ஒப்பிட்டுப் பாருங்கள். எப்போதும் உங்கள் ரசனைக்கு எதிராகவே எழுதும் விமர்சகர்கூடப் பயன்படுவார், அவர் சீராக இருந்தால். படம் பார்க்காமல் யாருடைய தீர்ப்பையும் பகிராதீர்கள். விளம்பரம் என்று சொல்லாமல் காசுக்குப் புகழ்கிறார் என்று உறுதியாகத் தெரிந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுங்கள்.