மொட்டைமாடி வானம் – 14: ஒரே ஒரு பச்சைக் கோடு

1864 ஆகஸ்ட் 29 இரவு. தெற்கு லண்டனின் டல்ஸ் ஹில் பகுதியில், தன் வீட்டோடு சேர்த்துக் கட்டியிருந்த வானாய்வுக் கூடத்தில், வில்லியம் ஹக்கின்ஸ் திராகோ விண்மீன் குழுவில் இருக்கும் ஒரு மங்கலான பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று அதைப் பூனைக்கண் நெபுலா என்கிறோம். ஹக்கின்ஸ் பல்கலைக்கழகம் போனவரல்ல. குடும்பத்தின் பட்டு ஜவுளி வியாபாரத்தை விட்டுவிட்டு வானத்தின் பக்கம் வந்தவர். அவருடைய தொலைநோக்கியின் விட்டம் 8 அங்குலம். நம் ஊர் ஆர்வலர்கள் பலர் மாடியில் வைத்திருக்கும் டாப்சோனியனும் அதே அளவுதான்.

நெபுலா என்பதெல்லாம் வெகு தொலைவில் இருக்கும் விண்மீன் கூட்டமா, இல்லை நிஜமாகவே வாயு மேகமும் உண்டா என்பது அப்போது தீராத வழக்கு. அயர்லாந்தில் ராஸ் பிரபு 72 அங்குல ஆடி வைத்துப் பார்த்தும் தீரவில்லை. ஹக்கின்ஸ் தன் 8 அங்குலத்தில் நிறமாலைமானியை மாட்டினார். விண்மீன் ஒளியாக இருந்தால் வானவில் போல ஒரு பட்டை விரிய வேண்டும். விரியவில்லை. ஒரே ஒரு பச்சைக் கோடு நின்றது. முப்பட்டகம் இடம் மாறிவிட்டதோ என்று முதலில் சந்தேகப்பட்டார். கூர்ந்து பார்த்தபோது பக்கத்திலேயே இன்னும் இரண்டு மெல்லிய கோடுகள். அன்றைக்கே வழக்கு முடிந்தது. பார்த்தது வாயு.

என்ன வாயு என்றுதான் தெரியவில்லை. பூமியில் எந்தப் பொருளும் அந்தக் கோட்டைக் காட்டவில்லை. ‘நெபுலியம்’ என்று புதுத் தனிமம் ஒன்றுக்கே பெயர் வைத்தார்கள். 1927இல் இயற்பியலாளர் ஐரா போவன்தான் முடிச்சை அவிழ்த்தார். அது நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனேதான். இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன். கிளர்ச்சியடைந்த அந்த அணு, பச்சை ஒளியை விடுவதற்குச் சராசரியாக அரை நிமிடம் சும்மா இருக்க வேண்டும். பூமியின் காற்றில் அதற்குள் எத்தனையோ அணுக்கள் வந்து மோதிவிடும். நெபுலாவின் வெறுமையில் மோத ஆளில்லை.

பூனைக்கண் போன்ற நெபுலாக்கள் பிறப்பது இப்படித்தான்: சூரியனைப் போன்ற விண்மீன் ஒன்று தன் கடைசிக் காலத்தில் வெளி அடுக்குகளை ஊதித் தள்ளுகிறது. உள்ளே மிஞ்சும் சூடான கரு புறஊதாக் கதிரை வீச, தள்ளிய வாயு ஒளிர்கிறது. சில பத்தாயிரம் ஆண்டுகளில் கலைந்தும் போகிறது. வில்லியம் ஹெர்ஷலுக்கு இவை கோளின் வட்டத் தட்டைப் போலத் தெரிந்ததால் ‘கோள் நெபுலா’ என்ற பெயர் நின்றுவிட்டது. கோளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இதில் என்னை விடாமல் இழுப்பது அந்தப் பச்சைக் கோடு விழும் இடம். ஆக்சிஜனின் இரண்டு கோடுகள் 495.9, 500.7 நானோமீட்டரில் இருக்கின்றன. இருட்டுக்குப் பழகிய நம் கண்ணின் குச்சி செல்கள் மிக நன்றாக உணர்வது ஏறக்குறைய 507 நானோமீட்டரை. சாகும் விண்மீன் தன் ஒளியைக் கொட்டும் இடமும் நம் இராக்கண் விழித்திருக்கும் இடமும் கிட்டத்தட்ட ஒன்றாக அமைந்துவிட்டன. ஆனால் குச்சி செல்களுக்கு நிறம் தெரியாது. அதனால் ஐபீஸில் பெரும்பாலும் சாம்பல்தான். புகைப்படங்களில் பார்க்கும் சிவப்பு ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் ஒளி. இருட்டில் நம் கண் அதைக் கண்டுகொள்வதே இல்லை. படத்தில் இருப்பதைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கண்ணுக்கு எட்டுவதைத் தேடினால் நிறையவே இருக்கிறது.

‘ஓ-த்ரீ’ ஃபில்டர் என்று கடையில் கேட்டு வாங்குவது இந்த இரண்டு கோடுகளை மட்டும் விட்டு மற்றதை மறிக்கும் கண்ணாடி. சிறிய நெபுலாக்கள் விண்மீனோடு விண்மீனாக ஒளிந்திருக்கும். எது நெபுலா என்று திணறும்போது ஃபில்டரை ஐபீஸில் திருகாதீர்கள். விரலில் பிடித்துக் கண்ணுக்கும் ஐபீஸுக்கும் நடுவே உள்ளே வெளியே என்று நகர்த்துங்கள். ஃபில்டர் உள்ளே வரும்போது சுற்றியுள்ள விண்மீன்கள் எல்லாம் சட்டென்று மங்கும். ஒன்று மட்டும் அசையாமல் அப்படியே நிற்கும். அதுதான். தெருவில் எல்.இ.டி. விளக்கு எரியும் நகரத்து மாடியில்கூட இந்த வித்தை கைகொடுக்கும். எனக்கு இதைவிடப் பிடித்த சோதனை வானியலில் வேறில்லை. ஹக்கின்ஸ் நிறமாலைமானியில் கண்டதை நாம் கையில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்துக்கொண்டு காண்கிறோம்.

சித்திரை மாதம் இதற்குத் தோது. இரவு ஒன்பது மணி வாக்கில் ஹைட்ரா குழுவின் என்ஜிசி 3242 தெற்கே உயர்ந்து நிற்கும். மியூ ஹைட்ரே விண்மீனிலிருந்து 2 பாகை தெற்கே நகர்ந்தால் போதும். வியாழன் அளவுக்கே தெரிவதால் ‘வியாழனின் ஆவி’ என்பார்கள். ஹெர்ஷல் 1785 பிப்ரவரியில் இங்கிலாந்தின் டாட்செட்டிலிருந்து இதைக் கண்டபோது, அவருடைய வானத்தில் அது ஏறக்குறைய 20 பாகைதான் ஏறும். சென்னையில் 58 பாகை ஏறுகிறது. அந்த விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். 150 மடங்கு வைத்தால் உள்ளே பளிச்சென்று ஒரு முட்டை வடிவம், சுற்றிலும் மங்கலான உறை. இதன் ஒளி செறிவானது என்பதால் நிறம் அறியும் கூம்பு செல்களும் விழித்துக்கொள்ளும்; நீலப்பச்சை நிறம் கண்ணுக்கே தெரியும்.

விடியற்காலை மூன்றரைக்கு அபிஜித் விண்மீன் வடகிழக்கில் நன்றாக ஏறியிருக்கும். அதன் அருகே ஷெலியாக், சுலாஃபத் என்ற இரண்டு விண்மீன்களுக்கும் நடுவே எம்57, வளைய நெபுலா. குறைந்த உருப்பெருக்கத்தில் ஊதிப்போன விண்மீன் மாதிரிதான் இருக்கும். 120 மடங்குக்குப் போனால் புகை வளையம். உள்பக்கம் முழுக் கறுப்பல்ல, லேசாகச் சாம்பல் பூத்திருக்கும். இதைக் கவனிக்க அவசரப்படக் கூடாது. நடுவில் இருக்கும் விண்மீனுக்கு 8 அங்குலம் போதாது.

பிறகு சிக்னஸில் என்ஜிசி 6826. இதன் நடு விண்மீனை நேராகப் பாருங்கள், நெபுலா காணாமல் போகும். பார்வையைச் சற்றே ஓரமாக விலக்குங்கள், குபுக்கென்று விரியும். விழித்திரையின் நடுவில் குச்சி செல்கள் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன என்பதே காரணம். இதற்குமுன் அரை மணி நேரமாவது கைப்பேசித் திரையைத் தொடாமல் இருந்திருக்க வேண்டும்.

இவையெல்லாம் சின்ன உருவங்கள், உருப்பெருக்கத்தைக் கூட்டக் கூட்டத் தெளிபவை. கும்பத்தில் இருக்கும் ஹெலிக்ஸ் நெபுலா நேர்மாறு. வானத்தில் நிலவின் பாதி அகலத்துக்குப் பரந்து கிடப்பதால் அதற்குப் பெரிய தொலைநோக்கியைவிட நல்ல பைனாகுலரும் ஊருக்கு வெளியே ஓர் இருட்டான இடமுமே முக்கியம். அடுத்த வாரம் அது.

(தொடரும்)