செல்லுக்கு வெளியே: புற்றுநோய் பரவும் வழி

உடலின் செல்களைச் சுற்றி, அவையே சுரந்து கட்டிய ஒரு புரதப் பின்னல் இருக்கிறது. கொலாஜன் அதற்கு வலுவூட்டுகிறது. ஃபைப்ரோநெக்டின், லாமினின் ஆகியவை செல்கள் பற்றிக்கொள்ள இடம் தருகின்றன. செல்லின் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் ஏற்பிகள் இப்புரதங்களைப் பிடித்துக்கொள்வதோடு, பின்னல் இறுகியிருக்கிறதா தளர்ந்திருக்கிறதா என்ற செய்தியையும் உள்ளே கடத்துகின்றன. புற்றுநோய் பரவுவதில் இந்தப் பின்னலின் பங்கு நெடுங்காலம் குறைத்தே மதிப்பிடப்பட்டது.

மார்பகப் பால்நாளத்தில் தோன்றும் புற்றுநோயில் அதைத் தெளிவாகக் காணலாம். நான்காம் வகைக் கொலாஜனும் லாமினினும் சேர்ந்த மெல்லிய அடிச்சவ்வு நாளத்தைப் போர்த்தியிருக்கிறது. புற்றுச்செல்கள் அதைத் தாண்டாதவரை நோய் நாளத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும். சவ்வை அரித்து வழிதிறப்பதில் எம்எம்பி என்னும் நொதிகளுக்கு முக்கியப் பங்குண்டு. இக்குடும்பத்தின் முதல் நொதியை 1962இல் ஜெரோம் கிராஸும் சார்லஸ் லாபியரும் கண்டறிந்தது தலைப்பிரட்டையின் வாலில். தவளையாகும்போது அந்த வால் கரைவது எப்படி என்பதே அவர்கள் கேள்வி.

அரிப்பு ஒருபுறமிருக்க, கட்டுமானமும் நடக்கிறது. கட்டியைச் சூழ்ந்த நார்த்திசுச் செல்கள் கொலாஜனை மிகையாகச் சுரக்கின்றன. லைசைல் ஆக்சிடேஸ் நொதி அந்த இழைகளைக் குறுக்கே பிணைக்கிறது. மார்பில் விரலுக்குக் கட்டி கெட்டியாகத் தட்டுப்படுவதற்கு இது பெரிய காரணம். இந்த இறுக்கம் இன்டெக்ரின் வழியாகச் செல்லைப் பெருகவும் நகரவும் தூண்டுகிறது. இயல்பான திசுவில் சுருண்டு கிடக்கும் கொலாஜன் இழைகள், ஊடுருவும் கட்டியின் விளிம்பில் நிமிர்ந்து, வெளிநோக்கிச் செங்குத்தாக நிற்பதை நுண்ணோக்கி காட்டுகிறது. தண்டவாளத்தைப் பிடித்ததுபோல் செல்கள் அவற்றின் வழியே வெளியேறி இரத்தக் குழாய்களை எட்டுகின்றன.

ஆனால் அந்தப் புற்றுச்செல்கள் எல்லா உறுப்புகளிலும் வேரூன்றிவிடுவதில்லை. மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பதிவுகளை ஆராய்ந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், விதைக்கேற்ற மண் வேண்டும் என்று 1889இலேயே எழுதினார். அந்த மண் முன்கூட்டியே பண்படுத்தப்படுகிறது என்பதை டேவிட் லைடன் குழுவினர் 2005இல் எலிகளில் காட்டினர்: புற்றுச்செல்கள் வரும் முன்பே நுரையீரலில் ஃபைப்ரோநெக்டின் மிகுந்து, எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்த செல்கள் அங்கே குழுமியிருந்தன.

எம்எம்பியைத் தடுத்தால் போதும் என்ற நம்பிக்கையில் 1990களில் மாரிமாஸ்டாட் போன்ற மருந்துகள் சோதிக்கப்பட்டன. மூட்டுவலி மிஞ்சியது, எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. பெரும்பாலும் நோய் முற்றியவர்களுக்கே அவை கொடுக்கப்பட்டன. தவிர, எம்எம்பிகளில் சில கட்டியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துபவை என்பதும் பிறகு தெரியவந்தது.