சொல்நிரப்பியும் கற்போரும்: ஒரு விளக்கக் குறிப்பு

நிரல்மொழியொன்றைப் புதிதாகப் பயில்வோர் இன்று வெற்றுத்தாளில் தொடங்குவதில்லை. ஓரிரு எழுத்துக்களைத் தட்டியதும் எடிட்டர் தானே சொற்பட்டியலொன்றை நீட்டுகின்றது. 1990களின் பிற்பகுதியில் மைக்ரோசொப்ட்டின் 'இன்டெலிசென்ஸ்' வாயிலாக இவ்வசதி பரவலாயிற்று. இதன் இயல்பை உணராதவிடத்து, கற்போர் கருவியின் திறனைத் தம் அறிவாகவும், கருவியின் வரம்பைத் தம் அறியாமையாகவும் மயங்க நேரிடுகின்றது.

ஜாவா மொழியிலிருந்து ஓர் உதாரணத்தை நோக்குவோம். அம்மொழியில் 'லிஸ்ட்' என்னும் பெயர் இரண்டுக்கு உரியது. திரையில் தெரிவுப்பட்டியல் காட்டுவதற்கான ஒன்று, 1996இல் வெளியான முதற் பதிப்பிலிருந்தே 'ஏ.டபிள்யூ.ரி.' தொகுதியில் உள்ளது. தரவுகளை வரிசையாக வைத்திருப்பதற்கான மற்றையது 1998இல் 'யுட்டில்' தொகுதியிற் சேர்ந்தது. கற்போருக்குப் பெரிதும் வேண்டப்படுவது பின்னையதே. எடிட்டரோ இரண்டையும் முன்வைக்கின்றது. முன்னையதைத் தவறித் தெரிந்துவிடின், அதனை இறக்குமதி செய்யும் வரி கோப்பின் தலைப்பகுதியில் ஓசையின்றி எழுதப்பட்டுவிடும். பிழைச்செய்தி தோன்றுவதோ பல வரிகள் கீழே. தாம் எழுதாத வரியின் பிழையைத் தாம் எழுதிய வரியிலே தேடிக் கற்போர் களைப்புறுகின்றனர்.

பைதனில் நிலைமை வேறு. அங்கு மாறியின் வகையை முன்கூட்டி அறிவிக்கும் கட்டாயமில்லை. ஆதலின், சார்பொன்று பெறும் உள்ளீட்டின் பெயரை அடுத்துப் புள்ளியிட்டால் எடிட்டர் பல வேளைகளில் வாளாவிருக்கும். அல்லது கோப்பில் ஏற்கெனவே உள்ள சொற்களை, எழுத்துப் பிழையுள்ளவற்றையும் சேர்த்து, திருப்பித் தரும். 2015இல் பைதன் 3.5 உடன் வந்த வகைக்குறிப்பு முறைப்படி உள்ளீட்டின் வகையைக் குறித்ததும் உரிய பட்டியல் தோன்றும். எனவே அம்மௌனம் கற்போரின் பிழையன்று. அறிவிக்கப்பட்டதையே எடிட்டர் அறியும். எழுதுவோரின் கருத்தை அது அறியாது.

மனித உழைப்பின் உறவுகள் பொருள்களின் இயல்பான ஆற்றலாகத் தோன்றும் மாயையை மார்க்ஸ் 1867இல் 'மூலதனம்' நூலில் விளக்கினார். அம்மாயையின் சாயலை இங்கும் காண்கின்றோம். பட்டியலிலுள்ள பெயர்கள் யாவும் எவரோ சிலரின் உழைப்பில் உருவானவை. அவ்வுழைப்பு மறைந்து, கருவியே சிந்திப்பது போன்ற தோற்றம் எஞ்சுகின்றது.

கருவியை விலக்கவேண்டும் என்பது நமது கருத்தன்று. தொடக்கப் பயிற்சிகளை அதனை நிறுத்திவைத்துக் கையாலேயே எழுதுதலும், பின்னர் ஒவ்வொரு பெயரும் எத்தொகுதிக்குரியது என வாசித்த பின்னரே தெரிதலும் வேண்டும். அப்போதே கற்போர் கருவியை ஆள்வோராவர்.