அலுமினியத்துக்கு அந்த மஞ்சள் நிறம் எங்கிருந்து வருது?

போன எபிசோடைக் கேட்டுட்டு ஒருத்தர் எழுதியிருந்தாங்க: "அலுமினியம் துருப்பிடிக்காதுன்னுதானே ஸ்கூல்ல படிச்சோம், அப்புறம் விமானத்துக்கு எதுக்கு அரிப்புத் தடுப்புப் படலம்?" இன்னிக்கு அதைத்தான் பேசப்போறோம்.

ஸ்கூல்ல படிச்சது தப்பில்ல. அலுமினியத்தை வெட்டின உடனே காற்றிலுள்ள ஆக்சிஜனோட சேர்ந்து ஒரு ஆக்சைடு படலம் உருவாகிடும். சில நானோமீட்டர் தடிமன்தான், ஆனா உள்ளே இருக்கிற உலோகத்தை அது காப்பாத்தும். சிக்கல் என்னன்னா, சுத்தமான அலுமினியம் ரொம்ப மெத்து. விமானம் கட்ட அது தாங்காது. அதனால செம்பு, மெக்னீசியம் எல்லாம் கலக்கிறாங்க. விமானத் தகடுகளில் பல காலமா பயன்படுற 2024 என்ற உலோகக் கலவையில் செம்பு சுமார் 4 சதவீதம்.

பலம் கொடுக்கிற அதே செம்புதான் வில்லனும். அங்கங்கே செம்பு நிறைந்த துகள்களா திரண்டு நிற்கும். அந்த இடத்துல ஆக்சைடு படலம் பலவீனம். உப்பு ஈரம் பட்டா, துகள் ஒரு முனை, சுற்றியிருக்கிற அலுமினியம் இன்னொரு முனைன்னு ஒரு குட்டி பேட்டரியே ஓட ஆரம்பிச்சிடும். கரையறது அலுமினியம். வெளியே ஊசிமுனை அளவுக்குப் புள்ளி தெரியும். உள்ளே பள்ளம் இறங்கிட்டே இருக்கும்.

அதனாலதான் பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி குரோமேட் கரைசலில் முக்கி எடுக்கிறாங்க. இது மேலே தடவுற பூச்சு இல்ல, உலோகத்தோட மேற்பரப்பே வேதிவினையில் கலந்துக்கிட்டு உருவாக்கிற படலம். முதல்ல எண்ணெய்ப் பிசுக்கு போகணும். கழுவின தகட்டில் தண்ணி ஒரே படலமா விரிஞ்சா சரி. முத்து முத்தா திரண்டா பிசுக்கு மிச்சம் இருக்குன்னு அர்த்தம். அப்புறம் கரைசல். அதுல இருக்கிற ஃபுளோரைடு பழைய ஆக்சைடைக் கரைச்சு உலோகத்தைத் திறந்துவிடும். அலுமினியம் எலக்ட்ரான்களைக் கொடுக்கும். ஆறு இணைதிற குரோமியம் அதுல மூணை வாங்கி மூன்று இணைதிற குரோமியமா மாறும். இதுல ஹைட்ரஜன் அயனிகளும் செலவாகிறதால, மேற்பரப்பை ஒட்டி மட்டும் அமிலத்தன்மை குறையும். அந்தச் சூழல்ல மூன்று இணைதிற குரோமியத்தால கரைஞ்சு இருக்க முடியாது, ஹைட்ராக்சைடு கூழா படிஞ்சிடும். சில நிமிஷ வேலை.

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இனிமேதான். மாறாத ஆறு இணைதிற குரோமியம் கொஞ்சம் அந்தக் கூழுக்குள்ளேயே மாட்டிக்கும். அந்த மஞ்சள் அதோட நிறம்தான். பின்னாடி கீறல் விழுந்து ஈரம் பட்டா, அது கரைஞ்சு கீறலுக்கு நகர்ந்து போய், அங்கேயும் அதே வினையை நடத்தி மூடப் பார்க்கும். யாரும் டிப்ளாய் பண்ணாமலே தானா இறங்குற பேட்ச்! ஆனா புதுப்படலம் மெத்துன்னு இருக்கும், விரல் பட்டாலே போச்சு. சீக்கிரம் காயட்டும்னு 60 டிகிரிக்கு மேல சூடாக்கினா நீர் போய் வெடிப்பு விடும், இந்தச் சுயவைத்தியமும் போயிடும்.

இவ்வளவு நல்ல படலத்தை ஏன் கைவிடப் பார்க்கிறாங்க? ஆறு இணைதிற குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும். தொட்டியிலிருந்து எழுற அமிலப் பனியை முதல்ல சுவாசிக்கிறது பக்கத்துல நிற்கிற தொழிலாளிதான். குரோமேட் மண்ணுல சேர்ந்தா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க நாம வெளிநாடு போக வேண்டாம்: ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் தொழிற்சாலையோட கழிவு பல வருஷமா நிலத்தடி நீரைக் கெடுத்திருக்கு. ஐரோப்பிய யூனியன் 2017 செப்டம்பருக்குப் பிறகு குரோமியம் ட்ரையாக்சைடுக்குத் தனி அனுமதி வேணும்னு ஆக்கிடுச்சு.

மாற்று, அமெரிக்கக் கடற்படை உருவாக்கின மூன்று இணைதிற குரோமியக் கரைசல். அதுல சிர்கோனியம் ஃபுளோரைடும் இருக்கு. தத்துவம் அதேதான்: மேற்பரப்புல அமிலம் குறையும், சிர்கோனியமும் குரோமியமும் சேர்ந்து படியும். அமெரிக்க ராணுவத் தரப்படி 168 மணி நேர உப்புப் பனிச் சோதனையை இதுவும் தாங்கணும். ஆனா மஞ்சள் கிடையாது. மெட்டல் ஃபினிஷிங் வேலை பார்க்கிற என் நண்பன் சொன்னான், "மூச்சுக்கு நிம்மதிடா, ஆனா இப்போ படலம் இருக்கா இல்லையான்னு கண்ணால பார்த்துச் சொல்லவே முடியல."

அனோடைசிங் பத்திக் கேட்டவங்களுக்கு, அது அடுத்த எபிசோட்ல.