நெஞ்சுக்குள் உறங்கும் கிருமி

கருவாடு காயப்போடும் வாடிகளில் வேலைசெய்யும் எமக்கு இருமல் வந்தால், உப்புத் தூசி, கடற்காற்று என்று சொல்லிவிட்டு இருந்துவிடுவோம். பலவேளை அது சரிதான். ஆனால் இருமல் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்து, மாலைக் காய்ச்சலும் இரவு வியர்வையும் சேர்ந்து உடம்பும் மெலிந்தால், அது காசநோயாக இருக்கலாம்.

இடம்பெயர்ந்து, நெருக்கமான கூடாரங்களில் காலம் கழித்தவர்கள் மன்னாரில் ஏராளம். முகாமில் சுவாசித்த கிருமி பல வருடங்கள் கழித்தும் நோயாக எழும்பலாம். அதுவரை அது எங்கே இருந்தது?

எமது வெண்குழியங்களுக்குள்ளேயேதான். நுரையீரலில் ‘பெருவிழுங்கி’ எனப்படும் கலங்கள் உண்டு. அவை கிருமியை விழுங்கிச் சிதைத்து, அதன் சிறு துண்டொன்றைத் தம் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும். ஏந்தும் தட்டுப் போன்ற மூலக்கூறுகளுக்கு எச்.எல்.ஏ. என்று பெயர். அந்தத் துண்டை அடையாளங்காணும் ரி கலங்கள் ‘இன்ரபெரோன் காமா’ என்னும் பொருளைச் சுரக்கும். இது சைற்றோகைன் எனப்படும் தூதுப் பொருள்களில் ஒன்று. தூது கிடைத்ததும் பெருவிழுங்கி இன்னும் கூடுதலான தட்டுகளை வெளியே வைக்கும். கிருமியைக் கொல்லும் வலுவும் அதற்குக் கூடும்.

காசநோய்க் கிருமியோ பொல்லாதது. தன்னை விழுங்கிய கலம் அந்தத் தூதைச் சரியாகக் கேளாதபடி செய்துவிடும். தட்டுகள் குறையும், காவலுக்கு ஆள் தெரியாது. முற்றாக அழிக்க முடியாவிட்டாலும் உடம்பு கிருமியைச் சுற்றி அரண் கட்டி அடக்கிவைக்கும். தொற்றியவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே வாழ்நாளில் நோய் வருகிறது. போதிய சாப்பாடின்மை, நீரிழிவு, எச்.ஐ.வி. என்பன அந்த அரணைத் தளர்த்தும். பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் தாய்மார் இதைக் கவனிக்கவேண்டும்.

பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசி குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயிலிருந்து காக்கும். ஆயுள் முழுவதற்கும் அது போதாது.

நோயாளியை வீட்டைவிட்டு ஒதுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இது வீண் கொடுமை. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு நிலையம், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை வீட்டிலும் மற்றவர்களைச் சனற்றோரியத்திலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது. 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதேயளவு குணமடைந்தார்கள். அவர்களுடைய வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவுமில்லை.

மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வழமையான சிகிச்சை ஆறு மாதம். ஒளிந்திருக்கும் கிருமி மெதுவாகவே சாவதால், இரண்டு மாதத்தில் சுகம்போலத் தெரிந்தாலும் நிறுத்தக்கூடாது. ரிபாம்பிசின் குளிசையால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்படவேண்டாம். அதே குளிசை கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும் என்பதைப் பலர் பெண்களுக்குச் சொல்வதில்லை. குடும்பநல உத்தியோகத்தரிடம் வேறு முறை கேளுங்கள். பால் கொடுக்கும் தாய் மருந்து எடுத்துக்கொண்டே பால் கொடுக்கலாம்.